மாத்திரைக்கு முதலில் வரிசை, பிறகுதான் மணி

"அக்கா, தைராய்டு மாத்திரையை விடியற்காலை நான்கு மணிக்குப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டால் காலைச் சோர்வு போய்விடுமாமே?" உறவிலோ பள்ளியிலோ யாராவது ஒருவர் இதை என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஹார்மோன் என்று எங்கே பேச்சு வந்தாலும் என் பக்கம் திருப்பிவிடுவது எங்கள் குடும்பத்தின் வழக்கம். தைராய்டுக்கான தைராக்ஸினும் போடுகிறேன், கார்டிசோல் என்ற ஹார்மோனுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரை ஹைட்ரோகார்டிசோனும் போடுகிறேன். இரண்டையும் எந்த நேரத்தில் போடுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கேட்பவர்கள் எதிர்பார்க்கும் பதில் மட்டும் என்னிடம் கிடையாது.

அந்த நான்கு மணி யோசனை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்டிசோல் நம் உடலில் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் கிடக்கும். இரண்டு, மூன்று மணிவாக்கில் ஏறத் தொடங்கும். விழிக்கிற நேரத்தில் உச்சத்துக்கு அருகில் வந்து, கண் விழித்த அரை மணி, முக்கால் மணியில் இன்னும் ஒரு தாவு தாவும். படுக்கையிலிருந்து எழும் தெம்பு பெருமளவு இதிலிருந்துதான் வருகிறது. கார்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி, மற்ற எல்லா உறுப்புகளையும் போல, தைராய்டு ஹார்மோன் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அப்படியென்றால் அட்ரினல் வேலை தொடங்கும் அந்த விடியல் நேரத்தில் தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தால் கார்டிசோல் நன்றாகச் சுரக்காதா? பிரிட்டனில் ஒரு நோயாளி தன் உடம்பில் செய்து பார்த்ததிலிருந்து கிளைத்த யோசனை இது. விழிப்பதற்கு ஒன்றரை மணியிலிருந்து நான்கு மணி நேரம் முன்பாக டி3 என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைப் போடச் சொல்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கணக்கு ஆசிரியை. சமன்பாடு அழகாக இருக்கிறதே என்று விடை சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த முறை பேசுவது டி3 பற்றி, அதாவது லியோதைரோனின். விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். நம்மில் ஏறக்குறைய எல்லோரும் காலையில் விழுங்குவது டி4, அதாவது தைராக்ஸின். தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது அதுதான். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் நிதானம் தெரியும். இப்படிப்பட்ட மருந்தை நான்கு மணிக்குப் போட்டால் என்ன, ஆறரைக்குப் போட்டால் என்ன? அன்றைய காலைக் கார்டிசோலை உயர்த்தும் விசை எதுவும் அதனால் பிறக்காது. டி3 போடுகிறவர்களுக்கும் இந்த விடியல் முறையைப் பரிந்துரைக்கும் மருத்துவ வழிகாட்டு நெறி எதுவும் கிடையாது. டி3 மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாளம் தவறும், நாளடைவில் எலும்பு தேயும். இவை எல்லோருக்கும் தெரிந்த விளைவுகள்.

ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை நான் உடம்பால் அறிந்தவள்.

என் மகன் 2009இல் பிறந்தான். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை. அத்தை பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார், பால்சுறாவைத் தேடி வாங்கிவந்து புட்டு செய்து கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. "சில பேருக்கு அப்படித்தான்" என்றார்கள். அதன்பின் மாதவிலக்கும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டார்கள். அக்குள் முடி உதிர்ந்தது. சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது. காலையில் எழுந்ததும் குமட்டும், முதல் பாடவேளை முடிவதற்குள் கால் துவளும். பிற்பகலில் கொஞ்சம் பரவாயில்லை. எட்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஒருவர் மனச்சோர்வுக்கும் மருந்து எழுதினார்.

2017இல் முழு உடல் பரிசோதனை ஒன்றில், தைராய்டை ஏவும் ஹார்மோனான டி.எஸ்.எச். இயல்பைத் தாண்டி ஏழுக்குச் சற்று மேலே வந்தது. "தைராய்டுதான் காரணம், கண்டுபிடித்தாகிவிட்டது" என்று வீடே நிம்மதியடைந்தது. ஒரு மருத்துவர் ஐம்பது மைக்ரோகிராம் தைராக்ஸின் எழுதிக்கொடுத்தார். காலை வெறும் வயிற்றில் போட வேண்டும், முக்கால் மணி கழித்துத்தான் காபி. ஒழுங்காகப் போட்டேன். சில வாரங்களில் சோர்வு குறைவதற்குப் பதில் கூடியது. காலைக் குமட்டல் வாந்தியானது. மருந்து உடம்பில் பிடிக்கக் கொஞ்சம் காலம் ஆகும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கொடிக்கம்பத்தின் பக்கத்திலேயே விழுந்தேன்.

கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் 80/50. சோடியம் 121, சர்க்கரை 58. அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர், பள்ளிப் பிள்ளை போலத்தான் இருந்தார், என் கணவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். "பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததா? குழந்தைக்குத் தாய்ப்பால் சுரந்ததா?" எட்டு ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்விகள். கார்டிசோல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல், ஹைட்ரோகார்டிசோன் நூறு மில்லிகிராமை நரம்பில் ஏற்றிவிட்டார். சலைனும் ஓடியது. மறுநாள் நான் தோசை கேட்டதாகச் சொல்வார்கள். அப்புறம் வந்த முடிவில் கார்டிசோல் 1.8. அவ்வளவு மோசமான நிலையில் கிடக்கும் உடம்பில் அது இருபதைத் தாண்டி இருந்திருக்க வேண்டும்.

ஷீஹான் நோய் என்று பெயர் சொன்னார்கள். ஹெரால்ட் ஷீஹான் என்ற பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் 1937இல் விவரித்தது. கர்ப்ப காலத்தில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகிறது. பிரசவத்தில் ரத்தம் மிகுதியாக இழந்தால் அந்தப் பெரிதான சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அதன் திசுக்கள் மடிந்துபோகின்றன. பால் சுரக்கச் செய்வது, மாதவிலக்கை நடத்துவது, தைராய்டையும் அட்ரினலையும் ஏவுவது எல்லாம் பிட்யூட்டரிதான். எம்.ஆர்.ஐ. படத்தில் அது இருக்க வேண்டிய குழி ஏறக்குறைய காலியாக இருந்தது. என் தைராய்டு சுரப்பியிலோ அட்ரினலிலோ நோய் எதுவும் இல்லை. மேலிருந்து உத்தரவு வராததால் இரண்டும் சும்மா இருந்தன, அவ்வளவே.

அப்படியானால் தைராக்ஸின் போட்டதும் ஏன் விழுந்தேன்? இதைப் புரியவைத்தவர் என் இப்போதைய மருத்துவர். ஊரில் அவரைச் 'சர்க்கரை டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் படித்தவர்களுக்கெல்லாம் நம் பக்கம் அதுதான் பெயர். தைராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கும்போது உடலில் எல்லாமே மெதுவாக நடக்கிறது, கார்டிசோல் சிதைந்து வெளியேறுவதும் கூட. அதனால் கொஞ்சமே சுரந்தாலும் அது நீண்ட நேரம் தங்கிக் காப்பாற்றுகிறது. வரவு குறைந்த வீட்டில் செலவும் சுருங்கியிருப்பதால் எப்படியோ மாதம் ஓடிவிடுகிற மாதிரி. தைராக்ஸின் உள்ளே போனதும் கார்டிசோல் செலவாகும் வேகம் கூடுகிறது, உடலின் தேவையும் கூடுகிறது. நல்ல அட்ரினல் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். கூடுதலாகச் சுரக்க வழியில்லாதவர்கள் என்னைப் போல விழுவார்கள். அவர்களுக்குத் தைராய்டு மருந்து மட்டும் கொடுப்பது கார்டிசோலுக்குத் துணைசெய்யாது, இருப்பதையும் கரைத்துவிடும். டி3 என்றால் இன்னும் வேகமாக.

இன்னொரு சங்கதியும் சொன்னார். கார்டிசோல் குறைபாடே டி.எஸ்.எச். அளவைச் சற்று உயர்த்திக் காட்டும். ஸ்டீராய்டு கொடுத்ததும் டி.எஸ்.எச். தானாக இறங்கிவிடுவதும் உண்டு. பிட்யூட்டரி பழுதானவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பாகவோ கொஞ்சம் கூடவோ இருந்தாலும் அதற்கு வீரியம் இருக்காது, டி4 குறைவாகவே கிடக்கும். டி.எஸ்.எச். என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மாத்திரை எழுதுவதில் இவ்வளவு பொறிகள் இருக்கின்றன. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் டி4ஐ அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனைக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே வரிசை இது: கார்டிசோல் உண்மையிலேயே குறைவு என்று தெரிந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்ஸின். இதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து கிடையாது. எனக்கும் ஹைட்ரோகார்டிசோன் சில நாள் உள்ளே போன பிறகுதான் தைராக்ஸினைத் திரும்பத் தொடங்கினார்கள், அதுவும் குறைந்த அளவில்.

எட்வர்ட் கெண்டால் என்ற அமெரிக்க வேதியியலாளரை இந்த இடத்தில் எனக்கு நினைக்கத் தோன்றும். மின்னசோட்டாவின் மாயோ கிளினிக்கில் 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் அவர். அதே மனிதர்தான் பின்னாளில் அட்ரினலிலிருந்து கார்டிசோனையும் பிரித்தார், அதற்காக 1950இல் ஹெஞ்ச், ரெய்ச்ஸ்டீன் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மருந்துகளின் பின்னாலும் ஒரே ஆள் நிற்கிறார். அவர் முதலில் கண்டுபிடித்ததை நான் இரண்டாவதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

இனி, 'எனக்கும் காலைக் கார்டிசோல் குறைவாக இருக்குமோ' என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு. சந்தேகம் நியாயமானதே, ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது சரியான நேரத்தில் எடுத்த ரத்தம். கார்டிசோலுக்குக் காலை எட்டு மணிவாக்கில் ரத்தம் எடுக்க வேண்டும். வீட்டுக்கே வந்து எடுக்கிறோம் என்கிற லேப்காரர் போக்குவரத்து நெரிசலில் சிக்கிப் பத்தரை மணிக்கு வந்து எடுத்தால் எண் தானாகவே குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். இரவுப் பணி செய்கிறவர்களுக்கு உடம்பின் காலையே வேறு நேரத்தில் வருகிறது, அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எட்டு மணி அளவு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. பதினைந்து, பதினெட்டுக்கு மேலே இருந்தால் கவலை வேண்டாம். இடையில் தொங்கினால், அட்ரினலை ஏவும் ஹார்மோனான ஏ.சி.டி.எச். ஊசி போட்டு அட்ரினல் எப்படி எழுந்து பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள். வெளிநாடுகளில் இதற்கு சினாக்தென் என்ற மருந்து. அது எளிதில் கிடைக்காததால் நம் நாட்டில் பல இடங்களில் ஆக்டான் புரோலாங்காட்டம் போட்டு ஒரு மணி, இரண்டு மணி கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். சில லேப் அறிக்கைகள் நானோமோலில் வரும். அந்த எண்ணை 27.6ஆல் வகுத்தால் நம் மைக்ரோகிராம் கணக்கு வந்துவிடும். கருத்தடை மாத்திரை போன்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கார்டிசோலைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்த அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதை இரண்டு நாள் முன்பாகவே நிறுத்திவிட்டுத் தைராய்டுப் பரிசோதனைக்குப் போவது நல்லது. அது பல லேப்களின் கணக்கைக் குழப்பும்.

எச்சிலில் நான்கு வேளை கார்டிசோல் பார்த்து 'அட்ரினல் சோர்வு' என்று சீட்டுக் கொடுப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்பதில்லை. சோர்வு பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை, பி12 குறைவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், போதாத தைராக்ஸின், மிதமிஞ்சிய தைராக்ஸின் என்று காலையில் ஆளைச் சாய்க்கும் காரணங்கள் ஏராளம். அந்தச் சீட்டு கைக்கு வந்ததும் அவற்றைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

நம் ஊரில் உண்மையான கார்டிசோல் குறைவுக்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. ஸ்டீராய்டை நீண்ட நாள் உபயோகித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவது. மூட்டு வலிக்கு, மூச்சிரைப்புக்கு என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் கிடைக்கும் மாத்திரைகளில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. முகம் வெளுக்க என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளிலும் இருக்கிறது. வெளியிலிருந்து வருவதைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. திரும்ப விழித்துக்கொள்ள அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் களிம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், கூச்சப்படாமல்.

ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்தி, அரிதாக, அட்ரினலையும் சேர்த்துத் தாக்கும். ஷ்மிட் என்பவர் 1926இலேயே இந்த இரட்டைத் தாக்குதலை எழுதிவைத்திருக்கிறார். அப்படியானவர்களுக்கு என்னைப் போலத் தோல் வெளிறாது, கறுக்கும். நம் நிறத்தில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். உள்ளங்கை ரேகைகள், ஈறு, பழைய தழும்புகள் இவற்றைப் பார்க்க வேண்டும். ஊறுகாயையும் உப்பையும் அள்ளி அள்ளித் தின்னத் தோன்றும், எடை இறங்கும். தைராக்ஸின் ஆரம்பித்த பிறகு, அல்லது அதன் அளவைக் கூட்டிய பிறகு, ஒருவர் தேறுவதை விட்டு மோசமாகிறார் என்றால் 'கொஞ்ச நாள் பொறுங்கள்' என்ற பதிலோடு திரும்பி வந்துவிடக் கூடாது. காலைக் கார்டிசோலைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மணிக் கணக்குக்கு வருகிறேன். நேரம் உண்மையிலேயே முக்கியமாவது ஹைட்ரோகார்டிசோனில்தான். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஒன்றரை மணி நேரம் மட்டுமே. பொதுவாக ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்றாகப் பிரித்து, பாதியையோ அதற்கு மேலுமோ விழித்தவுடன் போடச் சொல்வார்கள். எனக்கு எழுந்ததும் பத்து, மதியச் சாப்பாட்டோடு ஐந்து. மாலையில் தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடும், அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. விழித்தபின் போடும் மாத்திரை வேலை செய்ய அரை மணியாவது ஆகும். அந்த அரை மணியில் வீட்டில் யாரும் என்னிடம் முக்கியமான எதையும் கேட்பதில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருக்கும். அலாரம் அடித்ததும் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுவேன். நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்போதே போட்டுக்கொள்வது உண்டு, என் மருத்துவருக்குத் தெரிந்துதான். மார்கழியில் அத்தையோடு கோயிலுக்குப் போகும் நாள்களில் என் முழுக் கால அட்டவணையும் முன்னால் நகரும். மதிய மாத்திரையும் கூடவே நகரும்.

விடியலுக்கு முன்பே உடம்பில் கார்டிசோல் ஏற வேண்டும் என்ற ஆசை வீணானதல்ல என்பதை இதிலிருந்து நீங்களே பார்க்கலாம். மருத்துவமும் அதைத்தான் துரத்துகிறது, கார்டிசோலையே கொடுத்து. படுக்கும்போது விழுங்கினால் தாமதமாகக் கரைந்து விடியலில் உச்சத்துக்கு வரும் ஹைட்ரோகார்டிசோன் ஒன்றுக்கு 2021இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. பிறவியிலேயே அட்ரினல் கோளாறு உள்ள ஒரு பிரிவினருக்கான மருந்து அது.

தைராக்ஸினுக்கு மணியைவிட வயிறுதான் முக்கியம். காபி, பால், உணவு ஆகியவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக, தண்ணீரோடு மட்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. நான் தைராக்ஸினையும் ஹைட்ரோகார்டிசோனையும் ஒன்றாகவே விழுங்குகிறேன், அதற்குத் தடையில்லை. காலையில் காபியைத் தள்ளிப்போட முடியாதவர்கள் இரவு படுக்கும்போது போடலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் இரவில் போட்டவர்களுக்கு ரத்த அளவுகள் சற்று மேம்பட்டன, ஆனால் அவர்கள் உணர்ந்த நலத்தில் வித்தியாசம் இல்லை. எனவே உங்களால் நாள் தவறாமல் கடைப்பிடிக்க முடிகிற நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். பஞ்சாங்கம் வேண்டாம். ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள், விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 கொஞ்சம் உயர்ந்து காட்டும். என்னைப் போலப் பிட்யூட்டரி பழுதானவர்கள் டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்து அளவை மாற்றவே கூடாது. ஃப்ரீ டி4 இயல்பு வரம்பின் மேல்பாதியில் இருக்கிறதா என்பதே எங்கள் அளவுகோல். புதிதாகப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் என் டி.எஸ்.எச். மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு தைராக்ஸினைப் பாதியாக்கச் சொன்னார். கோப்பைத் திறந்து எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் காட்ட வேண்டியிருந்தது.

மாதவிலக்குக்கான ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தபோது எனக்குத் தைராக்ஸின் அளவு கூட்ட வேண்டிவந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின், கார்பமசெபின் இவையெல்லாம் ஸ்டீராய்டையும் தைராக்ஸினையும் வேகமாகக் கரைப்பவை. எந்தப் புது மருந்து எழுதினாலும் இந்த இரண்டின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் நாள்கள்தான் எங்களுக்கு உண்மையான தேர்வு. நல்ல அட்ரினல் காய்ச்சலின்போது தானே பல மடங்கு சுரந்துவிடும். நாங்கள் கையால் கூட்ட வேண்டும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரட்டிப்பு, 39ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் இறங்கியதும் பழைய அளவு. தைராக்ஸினை அப்போது கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பல் பிடுங்குவதானாலும் அறுவைச் சிகிச்சையானாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் நூறு மில்லிகிராம் ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தாலும். சஷ்டிக்கு ஆறு நாளும் நீர்கூட அருந்தாமல் இருக்கப்போகிறேன் என்று ஒரு வருடம் சொன்னதற்கு என் மருத்துவர், "முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன் அம்மா, நீங்கள் மாத்திரையைத் தண்ணீரோடு போடுங்கள்" என்றார். அத்தையும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

ஊசி மருந்து தூளாகக் குப்பியில் வருகிறது, தண்ணீர் கலந்து போட வேண்டும். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று. கூடவே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு: 'எனக்கு அட்ரினல் குறைபாடு உண்டு. மயங்கிக் கிடந்தால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் போடவும், பிறகு விசாரிக்கவும்.' பள்ளியில் யார் போடுவது என்ற கேள்விக்கு அறிவியல் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் உடற்கல்வி ஆசிரியர்தான் முன்வந்தார். செவிலியர் ஒருவரிடம் போய்த் தூளைக் கலப்பது, காற்றை வெளியேற்றுவது, தொடையின் வெளிப்பக்கத்தில் குத்துவது எல்லாம் கற்றுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் வாரத்தில் குப்பியின் காலாவதித் தேதியைப் பார்த்து எனக்கு நினைவூட்டுவதும் அவர்தான்.